குட்டியானைக்கு யார் கல் வைத்தது?

போன வருஷம் தை மாதம், மிளகு பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நான் வாடகைக்குக் குடியிருந்தேன்; இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். சொந்த ஊர் கீழே நாமக்கல் பக்கம். வீட்டுக்காரர் லாரி டிரைவர். லோடு ஏற்றி வடக்கே போனாரென்றால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. எனக்கு மலையில் பிள்ளைகள் விடுதியில் சமையல் வேலை கிடைத்ததும், ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்துத் தனியாக வந்து தங்கிவிட்டேன். பொழுது விடியும் முன்னே எழுந்து, டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு விடுதிக்கு நடந்து போய் உலை வைத்தாக வேண்டும். இந்த டார்ச் லைட்தான் பின்னால் எனக்கு வினையாக வந்தது.

நான் வந்த புதிதில் அந்த ஊரில் பூட்டு என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை. கதவைச் சாத்தி ஒரு குச்சியைச் செருகிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். பைக்கில் சாவி தொங்கிக்கொண்டே இருக்கும். கேட்டால், "ஆருக்காவது ஒடம்பு முடியலைன்னா வண்டி வேணுமுல்லீங்க, சாவியைத் தேடிக்கிட்டா இருப்பாங்க?" என்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். எனக்கு அதைக் கேட்டு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் ஊரில் வாசலில் விட்ட விளக்குமாறுகூட மறுநாள் இருக்காது.

பிறகு திருட்டு ஆரம்பித்தது. முதலில் குட்டியானை ஒன்றின் பேட்டரி போயிற்று. குட்டியானை என்றால் சின்ன சரக்கு வண்டி, அந்த ஊருக்கே அது ஒன்றுதான். அடுத்து, குடும்பத்தோடு கீழே கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு வீட்டில், காயவைத்துக் கட்டி வைத்திருந்த மிளகு மூட்டைகளைத் தூக்கிவிட்டார்கள். ஒரு வருஷப் பாடு அது. அதற்கடுத்து ஒரு பைக். அவ்வளவுதான், ஊர் தலைகீழாக மாறிப்போயிற்று. கடையில் இருந்த பூட்டுகள் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டன. பலாமரத்தோடு சேர்த்து பைக்கைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். நாய் வளர்க்காத வீட்டிலெல்லாம் நாய்க்குட்டி வந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. படுக்கும்போது கதவுக்குப் பின்னால் எவர்சில்வர் குடத்தை வைத்து, அதன் மேல் தட்டை வைத்து, அதன் மேல் கரண்டிகளையும் அடுக்கிவைப்பேன். கதவைத் தொட்டால் ஊரே எழுந்துவிட வேண்டும். ஒரு நாள் அடுக்கியதை மறந்து நானே கதவைத் திறந்து, விழுந்த சத்தத்தில் நானே அலறினேன். செயினைக் கழற்றி ராகி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். யாரைப் பார்த்தாலும் சந்தேகம். கடைக்காரர் மேல்கூட ஒரு கண் இருந்தது. பின்னே, திருட்டு நடந்தால் பூட்டு விற்பது யார்?

அந்தக் கடைக்காரர்தான் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஆடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். யார் பேசியதோ தெரியாது. திருடர்கள் முதலில் வந்து நோட்டம் விட்டு, எந்த வீட்டில் கை வைக்க வேண்டுமோ அங்கே ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போவார்களாம். சுவரில் ஒரு கோடு, வாசலில் ஒரு கல், இப்படி ஏதாவது. ஓரிரு நாளில் ஆட்களோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்களாம். அன்று முதல் ஊர் முழுக்கச் சுவரைத் தடவிப் பார்க்கிற வேலைதான். சுகாதாரத் துறையிலிருந்து கொசுப் புழு பார்க்க வந்தவர்கள் சுவரில் தேதி போட்டு எழுதிவிட்டுப் போனதைக்கூட ஈரத்துணி வைத்து அழித்தார்கள். பாவம், அடுத்த முறை வந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

பேட்டரி பறிகொடுத்த குட்டியானைக்காரர் எனக்குத் தம்பி வயது. அக்கா அக்கா என்று மரியாதையாகத்தான் பேசுவார். அவர் வீட்டுக்கு மேலே ரோடு ஓரமாக ஒரு சரிவு. வண்டியை அங்கேதான் நிறுத்துவார். சரிவுக்கு நேர் கீழே அவர் வீட்டுக் களம். அங்கே தார்ப்பாய் விரித்து மிளகு காயப் போடுவார்கள். அவருடைய மனைவி காலையிலிருந்து அந்தத் தார்ப்பாயில்தான் உட்கார்ந்திருப்பாள். சின்னப் பெண். எனக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதி. சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது கூப்பிட்டு உட்காரவைத்து மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தருவாள்.

பேட்டரி போனதும் தம்பி எங்கிருந்தோ ஒரு பழைய பேட்டரியை வாங்கி மாட்டினார். அதில் செல்ஃப் எடுக்காது, சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது. அதனால் வண்டியின் முகத்தைச் சரிவைப் பார்த்து நிறுத்தி, நியூட்ரலிலேயே விட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு சின்னக் கல்லை வைத்துவிடுவார். காலையில் கல்லை எடுத்து பிரேக்கை விட்டால் வண்டி உருளும். உருளும்போது கியரைப் போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். பிறகு களத்துக்கு முன்னாலேயே வளைத்து ரோட்டில் ஏற்றிவிடுவார். மலையில் பேட்டரி வீக்கான வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் இது.

ஒரு நாள் விடிகாலையில் அந்த வழியாகப் போகும்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், சக்கரம் அந்தச் சின்னக் கல் மேல் பாதி ஏறி நின்றுகொண்டிருந்தது. லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதுகூடத் தெரியாதா? ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை, வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பக்கத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லை உருட்டிக்கொண்டு வந்து முட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் தம்பியைப் பார்த்துச் சொல்லவும் செய்தேன்.

"தம்பி, ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்க. வண்டி எறங்குது."

அவர் சிரித்தார். "ஏனுங்க்கா, மலையில பொறந்தவனுக்கே வண்டி நிறுத்தச் சொல்லித் தாரீங்களா? இத்தன வருசமா இப்பிடித்தானுங்க நிறுத்தறேன்."

பக்கத்தில் நின்ற ஆட்களும் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எக்கேடோ கெட்டுப் போ என்று வந்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. கீழே உட்கார்ந்திருப்பது அந்தப் பெண்ணல்லவா? அதனால் தினமும் போகிற போக்கில் ஒரு பெரிய கல்லை வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர் காலையில் வண்டியை எடுக்கும்போது அதைத் தள்ளிவிட்டுப் போவார், நான் மறுநாள் திரும்ப வைப்பேன்.

அந்த வாரக் கடைசியில் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன். தம்பி அங்கே நின்று மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வெச்ச கல்லு ஒண்ணு. காத்தால பாத்தா ரெண்டு கல்லு இருக்குதுங்க. ஒரு நாள் இல்லீங்க, தெனமும்."

கடைக்காரர் கண்கள் விரிந்தன. "அடையாளமுங்க தம்பி! ஆடியோவுல சொன்னானுல்ல! முன்னாடி பேட்டரி, இப்ப முழு வண்டியையும் பாக்கறானுங்க."

நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கடைக்காரர் தொடர்ந்தார்: "வெளியாளுதான். விடியறதுக்கு முன்னாடி ஆரு அந்தப் பக்கம் டார்ச்சு அடிச்சுக்கிட்டு போறாங்கன்னு பாருங்க." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரு போன மாசம் வந்தப்ப கூட ஒரு இந்திக்காரப் பையன் வந்தானுல்லீங்க, அவன் இப்ப எங்கீங்க இருக்கான்?"

அவன் லாரி கிளீனர். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, என் வீட்டு ஓட்டில் ஒழுகிய இடத்தை ஏறிச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போன பிள்ளை. அவன் ஓட்டின் மேல் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. அங்கிருந்து எல்லா வீட்டையும் நோட்டம் விட்டான் என்று கதை கட்டியிருக்கிறார்கள்! எனக்கு ஆத்திரமும் பயமும் ஒன்றாக வந்தன. இப்போது போய், கல் வைத்தது நான்தான் என்றால் யார் நம்புவார்கள்? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, எண்ணெயைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். தனியாக இருக்கிற பொம்பளை. நாலு பேர் கூடிக் கேட்டால் என்ன செய்வேன்? அன்றிரவு அடுக்கிய பாத்திரங்கள் திருடனுக்காகவா ஊர்க்காரர்களுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் பயந்துபோய் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு விடுதிக்குப் போனேன். அன்று தம்பியும் இன்னும் சிலரும் வண்டிக்குக் காவல் இருந்திருக்கிறார்கள். நான் போகவில்லை, கல்லும் வரவில்லை. "பாத்தீங்களா, காவல் இருக்கறது தெரிஞ்சு வரலை. ஊருக்குள்ளயே இருக்கற ஆளுதான்" என்று கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார். அதற்குப் பிறகு நான் வந்தால் கடையில் பேச்சு நின்றுவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சாயங்காலம் களத்தைக் கடக்கும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று விடுதியில் பிள்ளைகளுக்கு டிபன் கொஞ்சம் தாமதமாகத்தான். அதனால் நன்றாக விடிந்த பிறகே கிளம்பினேன். பகல் வெளிச்சத்தில் யார் என்ன சொல்லிவிட முடியும் என்று பழைய வழியிலேயே போனேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அதே கடையில் ஆண்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள், தம்பியும் அங்கே இருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

வண்டி அருகே வந்ததும் கண் தானாகச் சக்கரத்துக்குப் போயிற்று. அங்கே கல்லே இல்லை! சுற்றுவட்டாரத்தில் ஒரு கல் இல்லை. திருடன் அடையாளம் வைக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் பொறுக்கித் தூர எறிந்திருக்கிறார்கள். சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை மட்டும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி பெய்த தூறலில் மண் ஊறிக் கிடந்தது. வண்டி நிறைய மரவள்ளிக்கிழங்கு மூட்டை. கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போக வேண்டிய லோடு. கட்டை சேற்றில் வழுக்கிக்கொண்டு மெல்ல முன்னால் போய்க்கொண்டிருந்தது. நேர் கீழே அந்தப் பெண், முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து தார்ப்பாயில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

நமக்கு எதற்கு வம்பு, தொட்டால் திருடி என்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நினைப்பு வந்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. கட்டை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு எதையும் யோசிக்கவில்லை. ஓடிப்போய் வண்டிக் கதவைப் பிடித்து இழுத்தேன், ஏறி பிரேக்கை மிதித்துவிடலாம் என்று. கதவு பூட்டியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் திறந்தே கிடந்திருக்கும். அந்தப் பக்கக் கதவுக்கு ஓட நேரமில்லை. வண்டி என் கையை உதறிக்கொண்டு புறப்பட்டுவிட்டது.

"வண்டி வருது! குதி சாமி! அந்தப் பக்கம் குதி!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்திருந்த நிலையிலேயே பக்கவாட்டில் பாய்ந்து மண்ணில் விழுந்து உருண்டாள். வண்டி அவள் உட்கார்ந்திருந்த இடத்தின் மேல் ஏறி, தார்ப்பாயைச் சுருட்டி இழுத்துக்கொண்டு போய், களத்தின் கோடியில் இருந்த பலாமரத்தில் மோதி நின்றது. மூட்டைகள் அவிழ்ந்து கிழங்கு களம் முழுக்கச் சிதறியது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆண்கள் ஓடிவந்தார்கள். சிலர் அவளிடம் ஓட, மற்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"இந்தம்மாதான்! கதவைத் தெறந்து எதையோ இழுத்து உட்டுப்போட்டாங்க! எங்கண்ணால பாத்தனுங்க!" என்று கடைக்காரர் கத்தினார்.

யாரோ என் கையைப் பிடித்தார்கள். ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா, தெனமும் கல்லு வெச்சது நாந்தான். வண்டி எறங்குதுன்னு வெச்சேன். சொன்னதுக்குச் சிரிச்சீங்க. கல்லை எடுத்துப்போட்டீங்க. இப்ப என்னைப் புடிச்சுக் கட்டி வைங்க, வைங்க!"

அந்த நேரத்தில் அதைச் சொன்னது முட்டாள்தனம்தான். "ஒத்துக்கிட்டா பாருங்க" என்று கூட்டம் இன்னும் நெருங்கியது. அதற்குள் தம்பி மரத்தடியில் இருந்த வண்டிக்குப் போயிருந்தார். கதவை இழுத்தார். திறக்கவில்லை. அடுத்த பக்கம் போய் இழுத்தார். அதுவும் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். ஹேண்ட் பிரேக் அவர் இழுத்துவிட்டபடியே மேலே நின்றது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"உடுங்க அவங்கள" என்றார். "ரெண்டு கதவும் பூட்டியிருக்குது. சாவி எங்கிட்டத்தான் இருக்குது. ஆரும் உள்ள போவுல. பிரேக்கு புடிக்கலை, அவ்வளவுதானுங்க."

கையைப் பிடித்திருந்தவர் விட்டுவிட்டார். போன் பையில் போயிற்று. தம்பி வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கல்லு நீங்கதான் வெக்கறீங்கன்னு அன்னைக்கே கடையில சொல்லியிருக்கலாமுல்லீங்க்கா" என்றார்.

"நீங்க எல்லாரும் பேசுன பேச்சுக்கு எப்பிடித் தம்பி சொல்லறது?" என்றேன். அவர் எழுந்து போய்ச் சிதறிய கிழங்கைப் பொறுக்கினார், மற்றவர்களும் கூடப் போனார்கள். கடைக்காரர் மட்டும், "காலம் அப்பிடி இருக்குதுங்கம்மா, ஆரை நம்பறது" என்று முனகிக்கொண்டே போனார். இன்று வரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அன்றிலிருந்து அவரிடம் எண்ணெய் வாங்குவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு முழங்கையிலும் கன்னத்திலும் சிராய்ப்பு, அவ்வளவுதான். விடுதிக்குப் போய் வேலையை முடித்துவிட்டு மத்தியானம் களத்துக்கு வந்தேன். அவள் மண்ணில் சிதறிய மிளகை முறத்தில் அள்ளிப் புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். பிறகு நானே கேட்டேன்.

"ஏன் கண்ணு, அத்தன நாளா மூஞ்சியக்கூடப் பாக்காம உள்ள போனீயே. நாங் கத்துனப்ப மட்டும் எப்பிடித் திரும்பிப் பாக்காமக் குதிச்ச?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "உங்களைச் சந்தேகப்படச் சொன்னது கடையில நின்னு பேசுனவிங்கதானுங்க்கா. உள்ள போயி உக்காந்து நானும் அழுதனுங்க. நீங்க கத்துறீங்கன்னு காதுல உழுந்துச்சு, குதிச்சுட்டேன். அதுல யோசிக்க என்னங்க இருக்குது?"

திருடர்கள் யாரென்று இன்று வரை தெரியவில்லை. மிளகும் பேட்டரியும் பைக்கும் போனது போனதுதான். நானும் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறேன். பூட்டு வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஊரே என்னைத் திருடி என்று பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில், கத்துவது யார், இவள் சொல்வதை நம்பலாமா என்று அவளும் ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால், அந்தத் தார்ப்பாயில் அவளை எந்தக் கோலத்தில் பார்த்திருப்பேன் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.